புல்லட் மைக்கை மிக்சரில் செருகிய கதை

காதோரம் கொசு பறப்பது போல ஒரு சத்தம். பெரம்பூரில் நண்பன் வீட்டு மொட்டை மாடியில், முதுகில் ஆயிரம் வாட் என்று எழுதியிருந்த ஸ்பீக்கரிலிருந்து அதுதான் வந்தது. நான் ஊதியதோ சி ஸ்கேல் மவுத் ஆர்கனின் முதல் துளை. அந்த வாத்தியத்திலேயே ஆகக் கனமான சுரம். சவுண்ட் சர்வீஸ் அண்ணன் கெயின் குமிழை முழுக்கத் திருகிப் பார்த்தார். கொசு பெரிய கொசுவானது, அவ்வளவுதான். “தம்பி, மைக்கு செத்துப்போச்சு. வேற மைக்கு தர்றேன், அதுல வாசி” என்றார்.

மைக் சாகவில்லை. மிக்சரிலும் பழுதில்லை. இரண்டும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை என்பதுதான் விஷயம். அதைச் சரிசெய்து முடிக்க மூன்று வாரம் பிடித்தது. எங்கள் குடியிருப்பில் பொங்கலுக்கு நடக்கும் கச்சேரிக்கு அப்போது இரண்டு மாதம் இருந்தது என்பதால் பிழைத்தேன்.

முதலில் மைக். அஸ்டாட்டிக் ஜே.டி.30. கப்பலில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு ஹாம் ரேடியோக்காரரிடம் வாங்கியது. துப்பாக்கிக் குண்டு மாதிரி இருப்பதால் இந்த வகைக்குப் புல்லட் மைக் என்று பெயர். நம் ஊர்க்காரர்கள் ராயல் என்ஃபீல்டு புல்லட்டின் ஹெட்லைட்டை நினைத்துக்கொண்டாலும் தப்பில்லை, முன்பக்கம் அப்படித்தான் இருக்கும். அமெரிக்காவின் ஒஹையோவில் செய்தார்கள். ஹாம் ரேடியோவுக்கும் கூட்டங்களில் பேசுவதற்கும் செய்த மைக், பாட்டுக்காக அல்ல. 1940களின் கடைசியிலும் 50களிலும் சிகாகோவில் எலெக்ட்ரிக் கிட்டார் வந்து எல்லாரையும் அமுக்கியபோது, லிட்டில் வால்டர் போன்ற ஹார்மோனிகாக்காரர்கள் (மவுத் ஆர்கனின் இன்னொரு பெயர்தான் ஹார்மோனிகா) இப்படிப்பட்ட மலிவான மைக்கை வாத்தியத்தோடு சேர்த்து உள்ளங்கைக்குள் பொத்திக்கொண்டு வால்வு ஆம்ப்ளிஃபயரில் செருகி ஊதினார்கள். மேக்ஸ்வெல் தெருச் சந்தையில் நடைபாதையிலேயே கச்சேரி. அந்த ஆம்ப்ளிஃபயர்களில் சில, கூட்டங்களுக்குப் போடும் சின்ன பி.ஏ., அதாவது ஒலிபெருக்கிப் பெட்டிகள்தான்.

அதாவது இது பி.ஏ.வுக்கென்றே பிறந்த மைக். அதைத்தான் நான் பி.ஏ.வில் செருகினேன். அப்புறம் ஏன் கொசு?

அண்ணன் கொடுத்த ஒயரில் ஒரு பக்கம் பி-38, மறுபக்கம் கேனன். பி-38 என்பது சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் 6.35 மில்லிமீட்டர் பிளக்குக்கு எல்லாரும் சொல்லும் பெயர், கேனன் என்பது மூன்று பின் மைக் பிளக். கேனன் பக்கம் மிக்சரின் மைக் இன்புட்டுக்குப் போனது. (போகும் முன், மிக்சர் மைக்குக்கு 48 வோல்ட் அனுப்பும் பாண்டம் ஸ்விட்சை ஆஃப் செய்யச் சொன்னேன். அன்று நான் சரியாகச் செய்த ஒரே வேலை அதுதான்.) கொசு. அடுத்து அதே சேனலின் லைன் இன்புட்டில் பி-38ஆகவே செருகினோம். கொஞ்சம் பரவாயில்லை, ஆனால் அதே மெலிந்த குரல், டெலிபோனில் பேசுவது மாதிரி.

கிட்டார்க்கார நண்பன் அலுத்துப்போய், “உன் பச்சைப் பெட்டிய நடுவுல போட்டுப் பாருடா” என்றான். பச்சைப் பெட்டி என்பது ஐபனீஸ் ட்யூப் ஸ்க்ரீமர் சர்க்யூட்டைப் பார்த்து நானே சால்டர் பண்ணிய ஓவர்டிரைவ் பெடல், சத்தத்தைக் கரகரப்பாக்குகிற பெட்டி. நடுவில் போட்டு மிதித்தேன். முதல் துளை மாடித் தளத்தை அதிர வைத்தது. கீழ் வீட்டு அக்கா துணி எடுக்கிற சாக்கில் மேலே வந்து பார்த்துவிட்டுப் போனார். இன்னொரு முறை மிதித்து பெடலை அணைத்தேன். கொசு. மறுபடி மிதித்தேன். குரல்.

நோட்டில் எழுதிக்கொண்டேன்: “பெடல் பேஸ் தருகிறது.”

அன்று ராத்திரி படுத்த பிறகுதான் உறைத்தது. ட்யூப் ஸ்க்ரீமர் பேஸ் தருகிற சர்க்யூட்டே இல்லை. அதில் 4.7 கிலோ ஓமும் 0.047 மைக்ரோஃபாரடும் சேர்ந்து 720 ஹெர்ட்ஸில் ஒரு வேலி போட்டிருக்கும். அதற்குக் கீழே போகப் போக ஊக்கம் குறையும். கிட்டாரின் கீழ் சுரங்கள் குழகுழவென்று ஆகாமல் இருக்கச் செய்த ஏற்பாடு. பேஸைக் குறைக்கிற பெட்டி எப்படி பேஸ் கொடுத்தது?

கொடுக்கவில்லை. மைக்கில் முதலிலிருந்தே பேஸ் இருந்தது. மிக்சர் அதைத் தின்றுகொண்டிருந்தது. பெடல் தின்னாமல் விட்டது.

மறுநாள் மைக்கைத் திறந்தேன். உள்ளே சத்தத்தை மின்சாரமாக்கும் பாகம் படிக எலிமென்ட். ரோச்செல் உப்பு, அதாவது பொட்டாசியம் சோடியம் டார்ட்ரேட். பிளஸ் டூ கெமிஸ்ட்ரி லேபில் சர்க்கரையைக் கண்டுபிடிக்க ஃபெலிங் கரைசல் கலந்தவர்கள் இந்த உப்பைத் தொட்டிருப்பார்கள், அதன் பி புட்டியில் இதுதான் இருக்கும். 1880இல் பியர் கியூரியும் அவர் அண்ணன் ஜாக்கும் அழுத்தினால் மின்சாரம் தரும் படிகங்களைக் கண்டுபிடித்துச் சொன்னபோது அந்தப் பட்டியலில் இதுவும் இருந்தது. மல்ட்டிமீட்டரை ஓமில் வைத்து எலிமென்டின் இரண்டு முனையைத் தொட்டால் ஒன்றுமே காட்டாது, ஒயர் அறுந்த மாதிரி. காரணம், மின்சாரத்தைப் பொறுத்தவரை அது ஒரு கெபாசிட்டர். கெபாசிட்டன்ஸ் அளக்கும் மீட்டரில் என்னுடையது 1.5 நானோஃபாரட் காட்டியது.

எல்லாவற்றையும் விளக்குகிற எண் அதுதான். மைக்கின் 1.5 நானோஃபாரடும் அது செருகப்பட்ட இன்புட்டின் ஓமும் சேர்ந்து ஒரு ஃபில்டர் ஆகிவிடுகிறது. அந்த ஃபில்டருக்குக் கீழே உள்ள சுரமெல்லாம் தேயும். மிக்சரின் மைக் இன்புட் சுமார் 1.5 கிலோ ஓம் என்று வைத்துக் கணக்குப் போட்டால் வேலி 70 கிலோஹெர்ட்ஸில் விழுகிறது. வௌவாலுக்குத்தான் எட்டும். மனுஷன் கேட்கும் எல்லாமே வேலிக்குக் கீழே. என் முதல் துளை 262 ஹெர்ட்ஸ். அது 48 டெசிபல் தேய்ந்துபோகும். அதைவிடப் பத்து மடங்கு மேலே இருக்கும் கீச்சுச் சத்தம் 28 டெசிபல்தான் தேயும். ஆகவே கொசு. லைன் இன்புட் 10 கிலோ ஓம் என்றால் வேலி 10 கிலோஹெர்ட்ஸ், முதல் துளைக்கு 32 டெசிபல் நட்டம். கிட்டார் பெடல்களின் இன்புட்டோ அரை மெகா ஓம், ஒரு மெகா ஓம் என்று இருக்கும். 1 மெகா ஓமில் வேலி 106 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடுகிறது. முதல் துளைக்கு ஒரு டெசிபல்கூட நட்டமில்லை.

எளிதாகச் சொன்னால், இந்த மைக் ஐந்நூறு ரூபாய் நோட்டை ஆட்டிக் காட்டுகிற ஆள். ஒரு டீக்குக் கேட்டால் கை விரித்துவிடுவார். வோல்டேஜ் தாராளம், கரன்ட் கிடையாது. அந்தக் கால வால்வு பி.ஏ.வின் மைக் இன்புட் மெகா ஓம் கணக்கில் இருந்ததால் டீ கேட்கவே இல்லை. மைக் அப்படியே இருக்க, பி.ஏ. மாறிவிட்டது. நீண்ட கேபிள், இரைச்சல் இல்லாமை என்று நல்ல காரணங்களுக்காகத்தான் மாறியது.

பெடலை அணைத்தால் கொசு திரும்பியதற்கும் இதே கணக்குத்தான். என் பச்சைப் பெட்டியில் ட்ரூ பைபாஸ் ஸ்விட்ச் போட்டிருந்தேன். அணைத்தால் இன்புட்டும் அவுட்புட்டும் நேரடி ஒயராகிவிடும். மைக் மறுபடி மிக்சரின் முன்னால் போய் நிற்கும். கடையில் வாங்கிய பாஸ் டிலே பெடலில் இந்தத் தொல்லை இல்லை. அணைத்திருந்தாலும் உள்ளே பஃபர், அதாவது மைக்கிடம் கரன்ட் கேட்காமல் சிக்னலை வாங்கிக் கடத்தும் சர்க்யூட், வேலை செய்துகொண்டே இருக்கும். ட்ரூ பைபாஸ்தான் உசத்தி என்று நெட்டில் சண்டை போடுகிறவர்கள் ஒரு படிக மைக்கை வைத்துப் பார்க்கட்டும்.

ஆக, மைக்குக்கு அடுத்த பெட்டி எப்போதும் விழித்திருக்கும் ஒரு பஃபராக இருக்க வேண்டும். டி.எல்.072 ஐசி போதும் என்று முடிவு செய்தேன். இன்புட்டில் ஜே-ஃபெட் இருப்பதால் மைக்கிடம் கிட்டத்தட்ட ஒன்றும் கேட்காது. ஒரு சனிக்கிழமை ரிச்சி ஸ்ட்ரீட் போனேன். ஐசி உடனே கிடைத்தது. 4.7 மெகா ஓம் ரெசிஸ்டர்தான் நாலு கடை ஏறி இறங்கியும் இல்லை. கடைசிக் கடையில், “ஒரு மெகா இருக்கு சார், அஞ்சு போட்டுக்கோங்க” என்றார். வரிசையாக ஐந்தைச் சேர்த்தால் 5 மெகா. வேலி 21 ஹெர்ட்ஸுக்குப் போய்விடும். எனக்கு ஏன் அது தோன்றவில்லை என்று வெட்கமாகத்தான் இருந்தது.

டி.எல்.072க்குள் இரண்டு ஆம்ப் இருக்கும். ஒன்றைப் பஃபராக மைக் பக்கம் போட்டேன். மற்றதை வீணாக்காமல் பெடல்களுக்கெல்லாம் கடைசியில் வரும் லோபாஸ் ஃபில்டராக்கினேன், மேலே உள்ள கீச்சுச் சத்தத்தை வெட்டுவது. இது ஏன் வேண்டும் என்றால், கிட்டார் ஆம்ப்ளிஃபயரின் ஸ்பீக்கர் ஐந்து கிலோஹெர்ட்ஸுக்கு மேலே பெரிதாக எதையும் தராது. ஓவர்டிரைவின் கரகரப்பு காதுக்கு இதமாக இருப்பதே அதனால்தான். பி.ஏ. ஸ்பீக்கரில் இருக்கும் ஹார்ன் அப்படியில்லை. எதைக் கொடுத்தாலும் ஒளிவுமறைவில்லாமல் வெளியே சொல்லிவிடும். ஓவர்டிரைவை நேராக அதற்கு அனுப்பியபோது தகர டப்பாவை ஆணியால் கீறுகிற மாதிரி இருந்தது. மிக்சரின் ஹை குமிழைக் குறைத்தும் சரியாகவில்லை, அது 12 கிலோஹெர்ட்ஸை மையமாக வைத்து வேலை செய்கிறது. கீறல் அதற்கு ரொம்பக் கீழே இருக்கிறது. எனவே இரண்டு 10 கிலோ ஓம், ஒரு 4.7 நானோ, ஒரு 2.2 நானோ கெபாசிட்டர் வைத்து, 4.9 கிலோஹெர்ட்ஸில் வெட்டும் சாலன்-கீ ஃபில்டர். சில்லறைக் காசு சமாசாரம். மொத்தத்தில் இந்த முயற்சியில் காதுக்கு அதிக வித்தியாசம் காட்டியவை இரண்டு: முன்னால் வரும் பஃபரும் பின்னால் வரும் இந்த ஃபில்டரும். நடுவில் என்ன பெடல் என்பதெல்லாம் அப்புறம்தான்.

பெட்டிக்கு வீட்டில் கிடந்த அலுமினிய டிபன் டப்பா. எவர்சில்வரில் ஓட்டை போட முயன்றால் டிரில் பிட் போய்விடும். அலுமினியம் வெண்ணெய் மாதிரி. நாலு ஜாக், ஒரு 10 கிலோ ஓம் வால்யூம் பாட், ஒரு 9 வோல்ட் பேட்டரி. மைக் ஜாக்கை மட்டும் ஸ்டீரியோவாகப் போட்டு, பேட்டரியின் மைனஸை அதன் நடு வளையத்தில் இணைத்தேன். மோனோ பிளக் உள்ளே போனால் வளையம் எர்த்தோடு சேர்ந்து பெட்டி உயிர் பெறும், பிடுங்கினால் அணைந்துவிடும். தனி ஸ்விட்ச் வேண்டாம். மொத்தம் மூன்றரை மில்லிஆம்ப்தான் இழுக்கிறது, ஒரு பேட்டரி நூறு மணி நேரத்துக்கு மேல் தாங்கும். அலுமினியத்தில் ஈயம் ஒட்டாது, அதனால் டப்பாவை எர்த் செய்ய ஜாக்கின் நட்டுக்குக் கீழே ஒரு லக் வைத்து இறுக்க வேண்டும்.

பேட்டரி மாட்டி, பெடல்களை இணைத்து, மைக்கைக் கையில் எடுக்கும் முன்பே ‘கீ’ என்று ஒரு அலறல். பஃபர், ஓவர்டிரைவ் எல்லாம் தாண்டிப் பெரிதான சத்தம் டப்பாவுக்குள் திரும்பி வந்து ஃபில்டரின் அவுட்புட் ஒயரில் ஓடுகிறது. அதற்குத் தோளோடு தோள் உரசி மைக் இன்புட் ஒயர். 5 மெகா ஓம் இன்புட் என்றால் பக்கத்து வீட்டுப் பேச்சையும் ஒட்டுக்கேட்கும். ஒரு பென்சிலால் இரண்டு ஒயரையும் பிரித்துத் தள்ளினேன், அலறல் நின்றது. விட்டேன், அலறியது. இன்புட்டுக்கு ஷீல்டு ஒயர் போட்டு, மைக் ஜாக்கை டப்பாவின் ஒரு ஓரத்துக்கும் அவுட்புட்டை எதிர் ஓரத்துக்கும் மாற்றினேன். பழைய ஓட்டை இரண்டு இன்னும் இளித்துக்கொண்டிருக்கிறது.

டப்பாவை ஒரு காலி மைக் ஸ்டாண்டின் இடுப்பில் ஜிப் டை போட்டுக் கட்டிவிட்டேன். வால்யூம் குமிழ் கைக்கு எட்டும். மைக் கேபிளும் மூன்று மீட்டருக்குள் நின்றது. கிட்டாரில் கேபிள் நீண்டால் ட்ரெபிள் மங்கும். படிக மைக்கில் அப்படியல்ல, மொத்தச் சத்தமும் சமமாகக் கொஞ்சம் குறையும். மீட்டருக்கு நூறு பைக்கோஃபாரட் என்றால் மூன்று மீட்டரில் ஒன்றரை டெசிபல் போகும், கவலையில்லை.

பெடல் வரிசை: பஃபர், பச்சைப் பெட்டி, பாஸ் ஜி.இ.7 ஈக்வலைசர், டிலே, மறுபடி டப்பாவின் ஃபில்டர். பச்சைப் பெட்டியில் அந்த 0.047ஐக் கழற்றிவிட்டு 0.22 மைக்ரோஃபாரட் போட்டேன். வேலி 720இலிருந்து 154 ஹெர்ட்ஸுக்கு இறங்கியது, இப்போது கீழ்த் துளைகளும் சேர்ந்து கரகரக்கின்றன. டிரைவ் குமிழ் காலை ஒன்பது மணி நிலையைத் தாண்டினால் ஆபத்து, அதைப் பின்னால் சொல்கிறேன். ஜி.இ.7இல் 6.4 கிலோஹெர்ட்ஸ் அடியோடு கீழே, 3.2 பாதி கீழே, 200 ஒரு கோடு மேலே. டிலே சுமார் 130 மில்லிசெகண்ட், ஒரே ஒரு எதிரொலி, அதுவும் இருக்கிறதா என்று சந்தேகம் வரும் அளவுக்கு. கோரஸ், ஆக்டேவ் எல்லாம் நண்பனிடம் கடன் வாங்கிப் பார்த்தேன். இரண்டு துளை சேர்த்து ஊதினால் ஆக்டேவ் பெடல் எதைப் பிடிப்பது என்று தெரியாமல் விக்குகிறது. திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

ஒரே அடாப்டரிலிருந்து எல்லாப் பெடலுக்கும் கிளை பிரித்தபோது டிலேயின் டிஜிட்டல் விசில் ஓவர்டிரைவில் கேட்டது. பச்சைப் பெட்டியையும் பேட்டரிக்கு மாற்றினேன், போய்விட்டது.

உங்களிடம் இருப்பது எஸ்.எம்.58 மாதிரி சாதாரண டைனமிக் மைக் என்றால் இந்தப் பஃபர் தேவையில்லை. உங்கள் பிரச்சினை நேர் எதிரானது: அதன் வோல்டேஜ் பெடலுக்குப் போதாது. ஒரு முனையில் கேனன், மறுமுனையில் பி-38 உள்ள மேட்சிங் ட்ரான்ஸ்ஃபார்மர் ஒன்றை மைக்குக்கும் முதல் பெடலுக்கும் நடுவில் போட்டால் வேலை முடிந்தது. ஷ்யூர் 520டி.எக்ஸ் போன்ற காந்த எலிமென்ட் புல்லட் மைக்கை நேராகவே பெடலில் செருகலாம்.

அடுத்த ஒத்திகையில்தான் உதடு சுட்டது.

மைக்கைப் பொத்திப் பிடித்து வாத்தியத்தை வாயில் வைத்ததும் மேலுதட்டில் எறும்பு கடித்த மாதிரி ‘சுர்’. செருப்பில்லாமல், மழை காயாத தளத்தில் நின்றிருந்தேன். மைக்கின் உடம்பு உலோகம், கேபிளின் ஷீல்டோடு சேர்ந்தது. ஹார்மோனிகாவின் தகடும் உலோகம். டெஸ்டரை மைக்கில் வைத்தேன், லேசாக எரிந்தது. மல்ட்டிமீட்டரை மைக்குக்கும் பிளக் பாயின்ட் எர்த்துக்கும் நடுவே வைத்தால் 94 வோல்ட் ஏ.சி.

இது பெடல் அடாப்டரின் வேலை. அதற்குள் மெயின்ஸ் பக்கத்துக்கும் 9 வோல்ட் பக்கத்துக்கும் நடுவே இரைச்சலை அடக்க ஒரு சின்ன கெபாசிட்டர் இருக்கும். இரண்டு பின் அடாப்டருக்கு எர்த் கிடையாது என்பதால், அதன் வழியே கசிகிற மின்சாரம் போக இடமில்லாமல் மைக் உடம்பில் வந்து நிற்கும். கசிவு ரொம்பச் சிறியது, ஆளை ஒன்றும் செய்யாது. ஆனால் நிஜமாகவே எங்கோ ஃபேஸ் ஒயர் உரசியிருந்தாலும் முதல் அறிகுறி இதே ‘சுர்’தான். எது என்று உதட்டை வைத்துச் சோதிக்க முடியாது. மீட்டரை எடுங்கள்.

முந்தைய ஒத்திகையில் இது ஏன் இல்லை? அன்று டப்பாவிலிருந்து நேராக ஒரு பி-38 ஒயர் மிக்சருக்குப் போனது. மிக்சருக்கு மூன்று பின் பிளக், ஒழுங்கான எர்த். ஷீல்டு வழியாகக் கசிவு அங்கே இறங்கிப் போய்விட்டது. இந்த முறை மேடை தூரம் என்று அண்ணன் டி.ஐ. பாக்ஸ் கொண்டுவந்திருந்தார், நீண்ட தூரத்துக்குச் சிக்னலை அனுப்ப நடுவில் போடும் பெட்டி. அதில் கிரவுண்ட் லிஃப்ட் என்று ஒரு குட்டி ஸ்விட்ச். “ஹம் வராம இருக்க எப்பவும் லிஃப்ட்லதான் தம்பி வெப்பேன்” என்றார். ஹம் என்பது ஸ்பீக்கரில் வரும் மின்சார ரீங்காரம். லிஃப்ட் என்றால் ஷீல்டு மிக்சரோடு சேராது. எர்த்துக்கு இருந்த ஒரே வழியை மூடிவிட்டோம். ஸ்விட்சைக் கிரவுண்டுக்குத் தள்ளினேன். மீட்டரில் 94 மறைந்து ஒரு வோல்ட்டுக்கும் கீழே வந்தது. ஹம்மும் வரவில்லை. இரண்டு இடத்தில் எர்த் சேர்ந்து வளையமாவதுதான் ஹம் தரும் எர்த் லூப், என் பெடல்களுக்குத் தனி எர்த் இல்லாதபோது அது எங்கிருந்து வரும்? அண்ணன் சொன்ன பழக்கம், மூன்று பின் போட்ட கிட்டார் ஆம்ப்ளிஃபயர்களுக்குப் பொருந்தும். எனக்குப் பொருந்தாது.

அதோடு, மிக்சர் செருகும் பாயின்டிலேயே எர்த் செத்திருந்தால் இந்த வைத்தியம் பலிக்காது. கச்சேரி நடக்கும் இடத்தில் முதலில் ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே 230ஐ ஒட்டி வருகிறதா என்று பார்க்கிறேன். எர்த் பின்னை உடைத்து ஹம்மை நிறுத்துகிற வைத்தியம் இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. வாயில் இரும்பை வைத்து வாசிக்கிறவன் அந்தப் பக்கமே போகக்கூடாது.

டி.ஐ. பாக்ஸ் எதற்கு என்று கேட்டால், மேடையிலிருந்து மிக்சர் இருபது மீட்டர். அத்தனை தூரம் சாதாரண பி-38 ஒயரை இழுத்தால், பந்தலில் தொங்கும் சீரியல் செட் விளக்கெல்லாம் அதில் பாட்டுப் பாடும். டி.ஐ.க்குள் ஒரு ட்ரான்ஸ்ஃபார்மர். அது சிக்னலை பேலன்ஸ்டு ஆக்கி கேனன் வழியாக மிக்சரின் மைக் இன்புட்டுக்கு அனுப்பும். முதல் நாள் கொசு வந்த அதே இன்புட்தான். ஆனால் இப்போது எதிரே நிற்பது படிக மைக் அல்ல, ஃபில்டரின் அவுட்புட். கேட்டதைக் கொடுக்கும் ஆள். சிக்னல் பலமாக இருந்ததால் டி.ஐ.யில் சிக்னலை 20 டெசிபல் குறைக்கும் பேட் போட்டு, மிக்சரில் என் சேனலின் அளவை மட்டும் மீட்டரில் காட்டும் பி.எஃப்.எல் பட்டனை அமுக்கி, நான் ஊதும் ஆகப் பெரிய சத்தத்துக்கு மீட்டர் சிவப்பைத் தொடாமல் கெயின் வைத்தோம்.

இனி விசில். இதற்கு மந்திரம் ஏதும் இல்லை. பொத்திப் பிடித்தால் மைக்குக்கு உங்கள் ஊதல் மட்டும் கேட்கும். ‘வா-வா’ என்று கை திறந்தால் மேடையே கேட்கும். இந்த மைக்கின் காது எல்லாப் பக்கமும் திறந்தது. ஓவர்டிரைவ் பெரிய சத்தத்தை அமுக்கிச் சின்ன சத்தத்தைத் தூக்குவதால், நீங்கள் மூச்சு வாங்கும் இடைவெளியில், மேடையில் வாசிப்பவரைப் பார்த்து வைக்கும் ஸ்பீக்கரான மானிட்டரின் முனகல்தான் பெரிய சத்தம். டிரைவ் குமிழை ஒன்பது மணிக்கு மேல் ஏற்றாதீர்கள் என்றது இதனால்தான். வீட்டில் தனியாக வாசிக்கும்போது நாக்கில் தேன் மாதிரி இருந்த டிரைவ், மானிட்டர் முன்னால் மூன்று செகண்டில் ஊளையிட்டது. பாதிக்கும் கீழே குறைத்தேன். கரகரப்பு குறைந்த மாதிரி எனக்குத் தோன்றியது, கீழே நின்று கேட்டவர்களுக்குத் தெரியவே இல்லை. கையை இறுக்கிப் பொத்தினாலே பாதிக் கரகரப்பு வந்துவிடுகிறது. சிகாகோக்காரர்களிடம் ஓவர்டிரைவ் பெடலா இருந்தது?

மானிட்டரை எனக்கு நேர் எதிரே வைக்காமல் இடது பக்கமாகத் தள்ளி, என் கையின் புறங்கை அதைப் பார்க்கும்படி நின்றேன். அப்புறம் அண்ணன் வேண்டுமென்றே ஃபேடரை மெல்ல ஏற்றி, முதல் விசில் எங்கே கிளம்புகிறது என்று காட்டினார். போனில் இருந்த ஸ்பெக்ட்ரம் ஆப் 1.2 கிலோஹெர்ட்ஸ் என்றது; அவர் போனைப் பார்க்காமலே கிராஃபிக் ஈக்வலைசரில் 1.25ஐப் பிடித்து நாலு டெசிபல் இறக்கினார். முப்பது வருஷக் காது. அடுத்த விசில் 400இல். அதை ஒரு விரல் அளவு இறக்கியதும், “போதும் தம்பி, இதுக்கு மேல வெட்டினா உன் வாத்தியத்தையே வெட்டணும்” என்றார்.

பொங்கல் சாயங்காலம் மொத்தம் நாலு பாட்டில்தான் எனக்கு வேலை. இரண்டாவது பாட்டின் நடுவில் ஒரு முறை ஊளையிட ஆரம்பித்தது, கை தானாக டப்பாவின் குமிழுக்குப் போனது, அடங்கியது. இடைவேளையில் ஒரு பெரியவர் வந்து பழைய இந்திப் படத்து மவுத் ஆர்கன் மெட்டு ஒன்றை வாசிக்கச் சொன்னார். பெடலையெல்லாம் அணைத்துவிட்டு வாசித்தேன். எல்லாம் அணைந்தும் குரல் மெலியவில்லை, பஃபர் விழித்திருந்தது. அன்று அரங்கத்தில் யாருக்கும் புரியாத சந்தோஷம் எனக்கு அது.

இந்த மைக்கோடு இன்னொரு கவலை வெயில். ரோச்செல் உப்பு 55 டிகிரிக்குத் தாங்காது. மே மாதம் கண்ணாடி ஏற்றி நிறுத்திய காருக்குள் ஒரு மத்தியானம் போதும். ஈரமும் ஆகாது, ரொம்ப உலர்ந்தாலும் தன் படிக நீரை இழந்துவிடும். அதனால் சிலிக்கா ஜெல்லை அள்ளிக் கொட்டாமல் ஒரே ஒரு பொட்டலத்தோடு ஒரு டப்பாவில் மூடி, பீரோவின் கீழ்த்தட்டில் வைத்திருக்கிறேன். வீட்டில் அதற்கு ஊறுகாய் ஜாடி என்று பெயர்.

கச்சேரி முடிந்து ஒயர் சுற்றும்போது அண்ணன் ஒரு துண்டு வெள்ளை டேப் கிழித்து, டி.ஐ. பாக்ஸின் அந்தக் குட்டி ஸ்விட்ச் மேல் ஒட்டி, மார்க்கரால் எழுதினார்: “மவுத்தார்கன். லிஃப்ட் போடாதே.” தன் ஹெல்ப்பர் பையனுக்காம். அப்புறம் என் டிபன் டப்பாவைக் கையில் வாங்கி முன்னும் பின்னும் பார்த்துவிட்டு, அந்த இரண்டு வீணான ஓட்டையில் விரலை வைத்து, “இது எதுக்குத் தம்பி?” என்று கேட்டார். காற்றோட்டத்துக்கு என்றேன்.